ஒரே கோயில், காலையில் தமிழ், மதியம் மிசோ: வேலூரில் ஒரு ஞாயிறு ஆராதனை

வேலூரில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகலாம் என்று வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோட்டிலோ பாபுராவ் தெருவிலோ லாட்ஜ் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். கோட்டைக்குள் 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது, கட்டடத்தைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே சேப்பல் இருக்கிறது. நான் எழுதப்போவது இரண்டையும் பற்றி அல்ல. ஆற்காடு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சந்துக்குள் இருக்கிற நடுத்தர சைஸ் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் ஒன்றைப் பற்றி. காலையில் தமிழ்ச் சபை, மதியம் வடகிழக்கே மிசோரத்திலிருந்து வந்தவர்களின் மிசோ சபை. பெஞ்ச், மைக், கழிப்பறை எல்லாம் பொது. பெயர் போடவில்லை, கீழே குறைகளும் வருகின்றன, கமிட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம்.

முதலில் இடம். மிஷன் காலத்துப் பாணிக் கட்டடம். தடித்த சுவர், உயரமான ஜன்னல், மங்களூர் ஓடு. பின்பக்கம் பிற்பாடு ஒட்டவைத்த தகர ஷெட், அதுதான் ஞாயிறு பள்ளி, டீ போடும் இடம், கல்யாணத்தன்று பந்தி போடும் இடம் எல்லாமே. ஃபேன் நிறைய இருக்கிறது, ஆனால் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் காற்றும் வராது, பிரசங்கம் பண்ணுகிறவர் முகமும் தெரியாது, அதனால் சீக்கிரம் வந்து ஜன்னலோர பெஞ்சைப் பிடியுங்கள். மைக் செட் சுமார். கழிப்பறை சுத்தம், இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: கீமோ எடுத்துக்கொண்டிருக்கிற ஆளைக் கூட்டி வருபவர்களுக்கு முதல் கவலையே அதுதான். அங்கே இருக்கிற ஒரே வெஸ்டர்ன் டாய்லெட் மிசோ சபைக்காரர்கள் தங்கள் காணிக்கையிலிருந்து போட்டுக் கொடுத்தது. இப்போது முட்டிவலி வந்த எங்கள் தமிழ்ப் பெரியவர்கள்தான் அதை அதிகம் உபயோகிக்கிறார்கள்.

தமிழ் ஆராதனை எட்டரைக்கு. மணி அடித்ததும் பவனி கிளம்பிவிடும், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். சிஎஸ்ஐ முறை தெரிந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. பாவ அறிக்கை, சங்கீதம், விசுவாசப் பிரமாணம், முதல் ஞாயிறு திருவிருந்து. இங்கே சிறப்பு கீர்த்தனை. வேதநாயகம் சாஸ்திரியார் காலத்துப் பாட்டுகளைச் சரணம் விடாமல், தபேலாவோடு, அவசரமில்லாமல் பாடுகிற கோயில்கள் குறைந்துவருகிற நேரத்தில் இந்தச் சபை அதை விடவில்லை, அதற்காகவே காட்பாடியிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயர் ஊர் விஷயம் கலந்து பேசுவார், தூக்கம் வராது. சோதனை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். பிறந்தநாள்காரர்கள், திருமண நாள்காரர்கள் முன்னால் வந்து ஸ்தோத்திரக் காணிக்கை போட, குடும்பம் குடும்பமாக ஜெபம். பிறகு கல்யாண அறிவிப்பு, வாரக் கூட்டம் எந்தத் தெருவில் யார் வீட்டில், போன மாதக் கணக்கு, கிரிக்கெட் டீமுக்கு நன்கொடை. பத்தரைக்கு முடிய வேண்டிய ஆராதனை பதினொன்றேகாலுக்கு முடிகிறது. திருவிருந்து ஞாயிறு என்றால் பதினொன்றரையைத் தாண்டும்.

மிசோ ஆராதனை பதினொன்றரைக்கு என்று போர்டில் எழுதியிருக்கிறது.

அப்போது அவர்கள் எங்கே நிற்பார்கள்? வெளியே வேப்பமரத்தடியில். கோட் சூட் போட்ட ஆண்கள், புவான் என்கிற நெய்த துணியை இடுப்பில் சுற்றிய பெண்கள், நர்ஸிங் படிக்கும் பெண்கள், தலையில் துணி கட்டிய நோயாளிகள், வீல்சேரில் ஒருவர் இருவர். மிசோரம் தலைநகர் ஐஸ்வால் ஆயிரம் மீட்டருக்கும் மேலே மலையில் இருக்கிற ஊர். அங்கிருந்து வந்தவர்களை மே மாத வேலூர் வெயிலில் வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே நாம் கிரிக்கெட் டீமுக்கு வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறோம். இதுதான் இந்தக் கோயிலுக்கு நான் மார்க் குறைக்கிற முதல் இடம். அவர்கள் ஒருநாளும் கதவுப்பக்கம் வந்து எட்டிப் பார்த்ததில்லை, வாட்ச் பார்த்ததுகூட இல்லை, அதனால்தான் நம் ஆட்களுக்கு உறைக்கவே மாட்டேன் என்கிறது.

சபை மாறுகிற அந்தக் கால் மணி நேரத்தை ஒருமுறை பாருங்கள். நம்மவர்கள் வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கக் கதவு வழியாக நாலு பையன்கள் உள்ளே வருவார்கள். ஒருவன் நடுவழியில் தென்னை நார்ப் பாயை உருட்டி விரிப்பான். இந்தப் பாய்க்கு ஒரு கதை உண்டு. நாம் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிறவர்கள், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் போட்ட ஷூவோடு உள்ளே வருகிறவர்கள். ஆரம்பத்தில் இதை வைத்தே பெரிய சண்டை வரப் பார்த்தது, கமிட்டிக்கு மொட்டைக் கடிதம்கூட வந்தது. கடைசியில் முடிவு செய்தது கூட்டிப் பெருக்குகிற அம்மா. "பாய் விரிச்சா மண்ணு அதுலயே நின்னுடும், நான் உதறிக்கிறேன், பீடத்துப் படியில மட்டும் ஷூ வேணாம்னு சொல்லுங்க." அவ்வளவுதான். ஆயர், செயலர், பொருளாளர் எல்லாரும் கூடிக் கண்டுபிடிக்காத வழி. இன்றைக்கும் மிசோ மூப்பர் பீடத்துக்கு ஏறும்போது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸோடுதான் ஏறுகிறார்.

இன்னொருவன் ஷெட்டிலிருந்து மேளத்தைத் தூக்கி வருவான். குவாங் என்பார்கள், மரத்தைக் குடைந்து இரண்டு பக்கமும் தோல் கட்டியது. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு இடம். மிசோ மலைகளுக்குப் போன மிஷனரிகள் ஆரம்பத்தில் இந்த மேளத்தைக் கோயிலுக்குள் விடவில்லை. 1906 தொடங்கி அலை அலையாக எழுப்புதல் என்கிற பக்தி எழுச்சி வந்த காலத்தில் சனங்களே அதை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். பறையைக் கோயிலுக்குள் அடிக்கலாமா என்று நம் பக்கம் இன்னும் முகம் சுளிக்கிற பெரியவர்கள், அதே கோயிலில் மதியம் மேளச் சத்தம் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஞாயிறு உட்கார்ந்து கேளுங்கள். கீபோர்டு கிடையாது, தனியாகக் குவாயர் என்று எழுந்து நின்றால்தான் உண்டு, மற்றபடி சபை முழுக்க நாலு குரலில் பிரிந்து பாடுகிறது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் பேஸ் பாடுவார், அவர் மனைவி ஆல்ட்டோ, முன்னால் இருக்கிற காலேஜ் பையன் டெனர். அவர்கள் பாட்டுப் புத்தகத்தில் வரிக்கு மேலே டானிக் சோல்ஃபா அச்சடித்திருக்கிறது, டோ ரே மீயின் முதல் எழுத்துகளும் புள்ளிகளும். எங்கள் குவாயரில் பழைய டெனர் ஒருவர் இருக்கிறார், ரிட்டயர்டு வாத்தியார், சோல்ஃபாவை சின்ன வயசில் மிஷன் ஸ்கூலில் படித்தவர். ஒரு ஞாயிறு குடையை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்தவர், கடைசி பெஞ்சில் கிடந்த மிசோ புத்தகத்தைப் புரட்டினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார், அப்படியே நின்றபடி டெனர் வரியைப் பிடித்துக்கொண்டார். வார்த்தை ஒன்றும் தெரியாது, வெறும் ஸ்வரம்தான், ஆனால் ஒரு இடம் பிசகவில்லை. பக்கத்தில் நின்ற பையன் வரியைத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தான். இப்போது அவர் மாதம் ஒரு ஞாயிறாவது மதியமும் இருக்கிறார், வீட்டில் சாப்பாடு ஆறிப்போகிறது என்று அவர் மனைவி எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அவர்களுக்கு இங்கே நிரந்தர ஆயர் இல்லை. வந்திருக்கிற மூப்பர்கள், படிக்கிற பிள்ளைகள், சில சமயம் நோயாளியின் துணைக்கு வந்தவரே பிரசங்கம் பண்ணுவார். அதனால் தரம் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் நடுவில் ஒரு தாளை எடுத்துப் படிப்பார்கள், எனக்குப் பிரசங்கத்தைவிட அது முக்கியமாகப்பட்டது. பக்கத்தில் இருந்த நர்ஸிங் பெண் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்: இந்த வாரம் புதிதாக வந்தவர்கள், எந்த வார்டு, யாருக்கு எந்த குரூப் ரத்தம் வேண்டும், யார் ஊருக்குத் திரும்புகிறார்கள், அவர்கள் விட்டுப்போகிற குக்கரும் இண்டக்ஷன் அடுப்பும் யாருக்கு வேண்டும், எந்த லாட்ஜில் மாத வாடகைக்கு அறை காலி. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் குக்கர் கைமாறுகிறது. முதல் தடவை வேலூர் வருகிற குடும்பத்துக்கு இந்தத் தாளில் கிடைக்கிற தகவல் வேறெங்கும் கிடைக்காது.

ஏன் இவ்வளவு மிசோக்காரர்கள் வருகிறார்கள் என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. 2012 முதல் 2016 வரைக்குமான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்கில் ஆண்களுக்கு நாட்டிலேயே அதிக விகிதம் ஐஸ்வால் மாவட்டத்தில்தான், லட்சம் பேருக்கு 269.4. ஐஸ்வாலுக்குப் பக்கத்துச் சாய்ராங் வரை ரயில் வந்ததே 2025 செப்டம்பரில். அதுவரை சில்சாருக்கோ கவுகாத்திக்கோ இறங்கிப் போய், அங்கே ரயில் ஏறி, இரண்டு ராத்திரிக்கு மேல் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கியவர்கள். வந்தால் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கவேண்டியிருக்கும். சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் 2022இல் திறந்த பிறகு சிலர் அந்தப் பக்கமே தங்கிவிடுகிறார்கள், ஞாயிறு பஸ் பிடித்து வருகிறார்கள், சிலரால் வர முடிவதில்லை.

நம் ஆட்களில் சிலர் இவர்களை ஏதோ வேறு மதம் மாதிரியே பேசுவது எனக்குப் பிடிக்காது. கணக்குப் பார்த்தால் பங்காளி வீடுதான். வேலூர் ஆற்காடு பக்கத்துக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த ஆற்காடு மிஷன், 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்தது, அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் ரிஃபார்ம்டு சபையைச் சேர்ந்தது. அதே குடும்பத்து ஐடா ஸ்கடர்தான் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு சிஎம்சியை ஆரம்பித்தது. மிசோக்களிடம் 1894இல் லாரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு இங்கிலீஷ்காரர்கள் போய் மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்துக் கொடுத்தார்கள், 1897இல் வேல்ஸ் மிஷன் வந்தது, அதிலிருந்து வளர்ந்தது பிரஸ்பிட்டேரியன் சபை. இரண்டும் கால்வின் வழி. அவர்களும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், அவர்களுக்கும் மூப்பர் உண்டு. நாம் 1947இல் சிஎஸ்ஐக்குள் போனோம், அவர்கள் 1970இல் சிஎன்ஐ என்கிற வட இந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேராமல் தனியாகவே இருந்துகொண்டார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு நாகா பாப்டிஸ்ட் சபை இடம் கேட்டிருந்தால் முழுக்கு ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பார்கள், பாலாற்றை நம்பி என்ன பதில் சொல்வது.

இனி குறை. வெயிலில் காக்கவைப்பதை முன்பே சொல்லிவிட்டேன். அடுத்தது சாவி. மேளம், பாட்டுப் புத்தகங்கள், புரொஜெக்டர், பாய் எல்லாம் ஷெட்டில் ஓர் இரும்புப் பீரோவில் இருக்கின்றன. பீரோ அவர்கள் வாங்கியது. ஷெட் சாவி நம் வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் ஞாயிறு டீ குடிக்கப் போனால் அவர் வரும்வரை எல்லாம் நிற்கும். ஒரு டூப்ளிகேட் சாவி போட்டுக் கொடுக்க எவ்வளவு ஆகும்? கமிட்டியில் கேட்டால் "நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பொறுப்பு" என்கிறார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஊருக்கு உடலை அனுப்புவதற்கு முன்னால் ஜெபம் பண்ண விடியற்காலையில் வந்து நின்றார்கள், கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனை போனில் எழுப்பித் திறக்கவைத்தோம். அவர் ஓட்டமாக ஓடி வந்தார், பிறகு பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சாவியை ஒரே கையில் வைத்திருக்கிறவர்கள் மேல்.

வாடகை என்று ஒன்றும் இல்லை, கரண்டுக்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறார்கள். எழுத்தில் இருப்பது ஒரே ஒரு அனுமதிக் கடிதம், வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டும். சிஎஸ்ஐ கோயில் சொத்து சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பது, ஒரு பாஸ்டரேட் கமிட்டி நினைத்தால் ஒப்பந்தம் எழுதிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை புதுக் கமிட்டி வரும்போதும் மூப்பர்கள் கைகட்டி நின்று "இந்த வருஷமும் விடுவீங்களா" என்று கேட்கவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1969இலேயே இதற்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள், இரண்டு சபைகள் ஒரு கட்டடத்தை எழுத்து மூலம் பகிர்ந்துகொள்ளலாம் என்று.

இங்கிலாந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. என் சித்தப்பா மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே அவன் போகிற தமிழ்ச் சபைக்கும் சொந்தக் கட்டடம் கிடையாது, வெள்ளைக்காரர்கள் சபையின் கோயிலில் மத்தியானம் இடம். சாம்பார் வாசனை அடிக்கிறது, பாத்திரம் கழுவும் சிங்கில் கறிவேப்பிலை அடைக்கிறது என்று அவர்களுக்கு எழுத்தில் புகார் வந்திருக்கிறது. போனில் அவன் அதைச் சொல்லிக் கொதித்தான். அதே வாரம் எங்கள் கமிட்டியில் ஒருவர், மிசோக்காரர்கள் ஷெட்டில் புகைபோட்ட பன்றிக்கறி சூடுபண்ணுகிறார்கள், வாசனை போகவில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார். நான் எழுந்து லண்டன் சிங்க் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறவில்லை, ஆனால் ஷெட் சுவரில் "வெளி உணவு சமைக்க அனுமதி இல்லை" என்று யாரோ எழுதி ஒட்டிவிட்டார்கள். அது இன்னமும் இருக்கிறது, ஒரு மூலை கிழிந்து.

இரண்டு சபையும் உண்மையிலேயே ஒன்றாக உட்காருவது வருஷத்தில் ஒருமுறை, அறுப்பின் பண்டிகையன்று. ஆராதனை நீளம், பிரசங்கம் இரண்டு மொழியிலும் மாறி மாறி வருவதால் இரண்டு மடங்கு, பிள்ளைகள் நெளிவார்கள். ஏலத்துக்கு வந்துவிடுங்கள், அதுதான் வேடிக்கை. புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கூடை, அதற்கு ஒரு மிசோ அம்மாவும் சத்துவாச்சாரி வக்கீல் ஒருவரும் விடாமல் கேட்டுக் கேட்டு விலையை ஏற்றினார்கள், கடைசியில் அந்த அம்மா எடுத்தார், கீரையோடு வேகவைத்து ‘பாய்’ என்கிற மிசோக் குழம்பு பண்ணி அடுத்த ஞாயிறு வக்கீல் வீட்டுக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் எங்கள் ஆயா அவர்கள் கொண்டுவந்த அரிசி மூட்டையைப் பார்த்துவிட்டு என்ன என்று விசாரித்தது. மிசோ வீடுகளில் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்கள், 1910இல் ஐஸ்வாலில் ஆரம்பித்தது, இன்றைக்கும் அவர்கள் சபை வருமானத்தில் பெரிய பங்கு அது. லாட்ஜ் அறையில் சமைக்கிறவர்கள்கூட விடுவதில்லை. "எங்க அம்மா கலயத்துல பிடியரிசி போடுவாங்க, நாமதான் உட்டுட்டோம்" என்றது ஆயா. அந்த மிசோ அம்மாவுக்கு இது எவ்வளவு புரிந்ததோ, கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு என்றால் காலை ஆராதனைக்கு மூன்றரை, மதிய ஆராதனைக்கு நாலரை, கமிட்டிக்கு இரண்டு. கீர்த்தனைக்காக வருகிறவர்கள் காலையில் வாருங்கள், அறிவிப்பு ஆரம்பித்ததும் நைசாகக் கிளம்பினாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வடகிழக்கிலிருந்து வருகிறவர்கள் மதியம் வாருங்கள், மிசோ இல்லாவிட்டாலும் உள்ளே விடுவார்கள், பக்கத்தில் யாராவது ஒரு நர்ஸிங் பெண் இங்கிலீஷிலோ தமிழிலோ சொல்லிக்கொடுப்பாள். நோயாளியோடு வருகிறவர்கள் பதினொன்றே முக்காலுக்கு முன்னால் வரவேண்டாம், நிழல் அந்த ஒரு வேப்பமரம்தான். கார் சந்துக்குள் நுழையாது, ஆட்டோவை மெயின் ரோட்டில் நிறுத்தச் சொல்லாமல் கேட் வரை வரச் சொல்லுங்கள், பேரம் பேசி ஏறுங்கள். வீல்சேருக்குச் சரிவுப் பாதை பக்கக் கதவில் இருக்கிறது, முன்வாசலில் இல்லை. அது பூட்டியிருந்தால் வாட்ச்மேன் எதிர் டீக்கடையில் இருப்பார்.